ஃபேன் கொக்கி இல்லாத வீடு

வீடு பார்க்க வந்த அன்று, உள்ளே நுழைந்ததும் அண்ணாந்துதான் பார்த்தேன். இருபத்தாறு வருஷம் சென்னையில் வாடகை வீடுகளில் இருந்த பழக்கம். எத்தனை ஃபேன் இருக்கிறது, ஏசிக்குத் தனி லைன் இழுத்திருக்கிறார்களா, மேல்தளத்தில் ஓதம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது. இந்த வீட்டில் ஃபேன் இல்லை. அதைவிட, ஃபேன் மாட்டக் கொக்கியே இல்லை. நான்கு அறையிலும் கூரை வழுவழுவென்று இருந்தது.

“ஃபேன் கொக்கி போடலையா ஐயா?” என்று வீட்டு உரிமையாளரிடம் கேட்டேன்.

“ஃபேனா? எதுக்கும்மா?” என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். மே மாதம் இரண்டாம் வாரம். அவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

நீலகிரியில், கோத்தகிரியை அடுத்த அரவேணு பக்கம், மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற வீடு. பின்பக்கம் அவருடைய இரண்டு ஏக்கர் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள். பக்கத்து ஹட்டிக்காரர் அவர் (படுகர் கிராமத்தை இங்கே ஹட்டி என்பார்கள்), ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாடகை 7,500, அட்வான்ஸ் இரண்டு மாதம். 2023-ல் இந்தத் தொகையைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். மடிப்பாக்கத்தில் நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்தது 19,000, மெயின்டெனன்ஸ் 2,500. பத்து மாத அட்வான்ஸ் வேறு. அதைத் திரும்ப வாங்கும்போது பெயின்ட் அடிக்க என்று 22,000 பிடித்துக்கொண்டார்கள். ஒன்பது வருஷம் ஒரு நாள் தவறாமல் வாடகை கொடுத்த வீடு. அந்த 22,000 இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது.

ஏன் வந்தோம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கிண்டி பட்டறை மூடப்பட்டது. 2019-ல் ஏரிகள் வற்றியபோது தண்ணீர் லாரிக்காக ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருந்தோம். அதற்கு முன் 2015 டிசம்பரில் அதே தெருவில் இடுப்பளவு தண்ணீரில் மாமியாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனோம். பையன் கோயம்புத்தூரில் பொறியியல் சேர்ந்தான். இதெல்லாம் சேர்ந்தது. எனக்கு வேலை கணக்கு எழுதுவது. சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது. லேப்டாப்பும் நெட்டும் இருந்தால் போதும், எங்கிருந்தும் செய்யலாம் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மீதியைப் பின்னால் சொல்கிறேன்.

“மலைக்குப் போனால் செலவு பாதிதான் ஆகுமாமே?” என்று கேட்கிறவர்கள் நிறைய. கணக்கு எழுதுகிறவள் என்பதால் மாதாமாதம் குறித்து வைத்திருக்கிறேன். சென்னையில் எங்கள் இரண்டு பேர் வருமானம் 73,000. மாதக் கடைசியில் ஐந்தோ ஆறோ ஆயிரம் மிஞ்சும். இங்கே 47,000, பன்னிரண்டாயிரம் மிஞ்சுகிறது. ஆக மிச்சம் கூடியிருக்கிறது. ஆனால் வருமானம் 26,000 குறைந்திருக்கிறது, அதையும் பாருங்கள். என்னிடம் கணக்கு கொடுத்திருந்த பதினான்கு கடைகளில் மூன்று பேர், “நேரில் வந்து உட்கார்ந்து பார்க்கிற ஆள்தான் வேண்டும்” என்று விலகிக்கொண்டார்கள். கிண்டியில் 31,000 வாங்கிய என் வீட்டுக்காரருக்கு இங்கே ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பர் வேலை, 13,000. வாடகை இறங்கிய மாதிரியே சம்பளமும் இறங்கும். நாங்கள் இங்கே மிச்சம் பிடிப்பதற்குக் காரணம், என் வருமானம் இன்னமும் வேளச்சேரி ஹார்டுவேர் கடையிலிருந்தும் மடிப்பாக்கம் மருந்துக் கடையிலிருந்தும் வருவதுதான். இங்கத்திச் சம்பளத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது மலிவான ஊர் கிடையாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

கரண்ட் பில் நன்றாகவே குறைந்தது. சென்னையில் கோடையில் ஏசி ஓடினால் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டியதும் கீழே இருக்கிற யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். இங்கே கீசர் போட்டும் 300-க்குள் நிற்கிறது. முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். பஸ்ஸும் அப்படித்தான், பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2024-ல் மலைப் பகுதிக்கும் வந்த பிறகு, கோத்தகிரி டவுனுக்குப் போய்வர எனக்குச் செலவு இல்லை. காய்கறி மட்டும் நினைத்த மாதிரி இல்லை. நெடுகுளா பக்கம் விளைகிற கேரட் மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது. தக்காளி, சின்ன வெங்காயம், முருங்கைக்காய் எல்லாம் கீழே இருந்து ஏறி வருகிறது. ஏறி வருகிற எதற்கும் லாரிக் கூலி சேரும். உழவர் சந்தையில் காலையிலேயே போய் மலைக்காய்கறியாக வாங்கினால் கட்டுப்படியாகும். முருங்கைக்காய்ச் சாம்பாரைத்தான் மாதத்துக்கு இரண்டு தடவையாகக் குறைத்தேன்.

அப்புறம் தோசை மாவு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் டிசம்பரில் என்னை அழவைத்தது அதுதான்.

மடிப்பாக்கத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு அரைத்தால் விடியற்காலையில் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருக்கும். இங்கே ராத்திரி அரைத்த மாவு காலையில் அப்படியே இருந்தது. மறுநாள் காலையிலும் அப்படியே. கரண்டியை விட்டால் சத்தமே இல்லாமல் இறங்கியது, ஒரு குமிழ்கூட இல்லை. சுட்ட தோசை வெளுத்துப்போய், ஓரம் விறைத்து, வாயில் பச்சை மாவு வாசனை அடித்தது. மாமியார் ஒன்றும் சொல்லாமல் பாதியில் தட்டை நகர்த்தினார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. வாழ்நாள் முழுக்கக் காலையில் இட்லியோ தோசையோ சாப்பிட்டவர்.

பக்கத்து வீட்டு அக்காதான் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் அரைக்காதே, மத்தியானம் வெயில் இருக்கும்போதே அரை. அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் விடு. கரண்டியால் கலக்காமல் கையால் கலக்கு, கைச்சூடு இறங்கட்டும். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பு மேடையில் வை. அவர் வீட்டில் தேயிலைக் கவாத்துக் குச்சியை வைத்து விறகடுப்பு எரிப்பார். அந்தக் கதகதப்பில் மாவு பொங்கிவிடும். எங்கள் வீட்டில் காஸ் அடுப்புதான், அணைத்த பத்து நிமிஷத்தில் மேடை ஜில்லென்று ஆகிவிடும். அதனால் ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கினேன். மீன் கொண்டு வருகிற பெட்டி, புதிதாக. மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து, பக்கத்தில் இரண்டு எவர்சில்வர் பாட்டிலில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி வைத்து மூடினேன். ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றினேன். காலையில் திறந்தபோது மாவு இரண்டு விரல் உயரம் எழும்பி, நடுவில் லேசாகக் குழிந்து, புளித்த வாசனையோடு இருந்தது. மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றைக்கு ஐந்து இட்லி சாப்பிட்டார்.

பருப்பு வேகவும் இங்கே கூடுதல் நேரம் ஆகும். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான் என்று பையன் சொன்னான். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பை வேகவைக்க முயற்சி செய்ய வேண்டாம்.

ஜிஎஸ்டி விஷயத்துக்கு வருகிறேன். 11-ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கு ஏற்ற வேண்டும், 20-ஆம் தேதிக்குள் 3பி என்கிற மாத ரிட்டர்னைப் போட வேண்டும். ஒரு நாள் தாண்டினால் கடை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதம், வட்டி தனி. இதெல்லாம் எனக்கு அத்துப்படி. எனக்குத் தெரியாதது கோத்தகிரியின் மழை. ஊட்டி மேற்குப் பக்கம், கூடலூர்ப் பக்கம் எல்லாம் ஜூன், ஜூலையில் கொட்டும். இந்தக் கிழக்குச் சரிவுக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சென்னைக்குப் பெய்கிற அதே வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்ததை இங்கே எல்லோரும் இன்னமும் சொல்வார்கள். வெள்ளத்துக்குப் பயந்து வந்த நாங்கள் அதே மழையின் இன்னொரு வாசலில் வந்து குடியேறியிருக்கிறோம் என்பது முதல் நவம்பரில்தான் தெரிந்தது.

அந்த மாதம் 18-ஆம் தேதி பிடித்த மழை விடவில்லை. 19 சாயங்காலம் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரும் போனது. லேப்டாப்பில் 31 சதவீதம் சார்ஜ். ஆறு கடைகளுக்கு 3பி பாக்கி. காலையில் லேப்டாப்பைப் பாலித்தீன் பையில் சுற்றி, அதை அரிசிப் பைக்குள் வைத்து, குடையோடு பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். இந்த ரிட்டர்னுக்கு ஓடிபி கடைக்காரர் போனுக்குத்தான் போகும். ஒவ்வொருவரையும் கூப்பிட வேண்டும், லைன் கிடைக்க வேண்டும், அவர் மெசேஜைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஹார்டுவேர் கடைக்காரர், “என்ன மேடம், பின்னாடி இவ்ளோ சத்தம்?” என்றார். தகரக் கூரையில் மழை. கடைசி ரிட்டர்ன் போய்ச் சேர்ந்தபோது மணி ராத்திரி ஒன்பதைத் தாண்டிவிட்டது. பஸ் இல்லை. வெளியே வந்தால் வீட்டுக்காரர் ஐயா ஜீப்பை நிறுத்திக்கொண்டு, காதுவரை மஃப்ளர் சுற்றி உட்கார்ந்திருக்கிறார். என் மாமியார் சொல்லியிருக்கிறார், அவர் வந்துவிட்டார். டீசலுக்குப் பணம் கொடுத்தேன், வாங்கவில்லை.

அடுத்த வாரமே இன்வெர்ட்டர் வாங்கினேன், 24,000. இரண்டு வேறு வேறு நிறுவனத்து நெட் கனெக்‌ஷன். 3பி-யை 15-ஆம் தேதிக்குள் முடிப்பது என்று வைத்துக்கொண்டேன். இடம் மாறுகிறவர்கள் இந்த மாதிரிச் செலவையெல்லாம் முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். எங்களுக்கு முதல் வருஷ மிச்சத்தில் முக்கால்வாசி இதிலும், லாரியிலும், ஈரத்தில் வீணான துணிமணி, தோல் செருப்பு, பீரோவின் பின்பலகை ஆகியவற்றிலும் போனது. ஜூலையிலிருந்து ஜனவரி வரை பீரோவுக்குள் பூஞ்சாணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.

ஆஸ்பத்திரி பற்றி யோசிக்காமல் வராதீர்கள். போன வருஷம் மாமியாருக்கு ராத்திரி நெஞ்சு வலி. 108 வந்தது, கோத்தகிரி அரசு மருத்துவமனையில் முதலுதவி செய்து, கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பனிமூட்டத்தில் குஞ்சப்பனை வளைவுகளில் வண்டி ஊர்ந்து இறங்கியதை நான் மறக்க மாட்டேன். பலாப்பழ சீசன் என்பதால் அந்த வழியில் யானை நிற்கும். ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, முன்னால் பார்த்து, அப்புறம் திருப்பினார். மாமியார் பிழைத்துக்கொண்டார், நன்றாக இருக்கிறார். 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். எங்களைப் போன்ற வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல். ஆனாலும் மலை இறங்குகிற நேரத்தை எந்தக் கட்டடமும் முழுதாகக் குறைக்காது. என் பெரியம்மா சென்னையில் இறந்தபோது சாலையில் மண் சரிந்து வண்டி நின்றுவிட்டது. நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க முடியவில்லை. முகம் பார்க்காமல் போயிற்று.

பக்கத்து வீட்டு அக்கா என்று சொன்னேனே, அவரைப் பற்றி. அவர் பெற்றோர் நுவரெலியாவில் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு, எழுபதுகளில் தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து இந்த மலைக்கு அனுப்பப்பட்டவர்கள். அப்படி வந்தவர்களுக்காகத்தான் அரசு 1968-ல் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது, இன்றைக்கு டான்டீ என்கிறோமே, அது. அக்கா இங்கே பிறந்தவர். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் வளர்ந்தவர். தோட்ட வேலை முடிந்தால் லைன் வீட்டை விட்டுவிட வேண்டும், எந்தத் தோட்டமானாலும் அதுதான் முறை. அதனால் அப்பா ஓய்வு பெற்றதிலிருந்து வாடகை வீடுதான். சின்னத் தோட்டங்களில் நாள்கூலிக்குக் கொழுந்து பறிக்கிறார். அவர் வீட்டுக்காரர் பசுந்தேயிலை ஏற்றுகிற பிக்கப் ஓட்டுகிறார். கொழுந்து விலை இறங்கினால் பறிக்கிற நாளும் குறையும். வாடகை 4,500.

“நீங்க மெட்ராஸ்லேர்ந்து இங்க வந்தீங்க. நாங்க இங்கேர்ந்து எங்க போறது?” என்று ஒருநாள் கேட்டார். கோபமாக இல்லை. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். போன மாசிதான், அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொன்னதன் மறுநாள். அந்த வீட்டைக் காட்டேஜாக மாற்றப் போகிறார்களாம். வார இறுதியில் ஒரு ராத்திரிக்கு வாங்குகிற தொகை, அக்காவின் ஒரு மாத வாடகைக்கு ஏறக்குறைய வந்துவிடும். வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்து, 2025 கோடையில் நாளொன்றுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டி என்று நீதிமன்றம் வரம்பு வைத்த பிறகும், இந்தத் தெருவில் மூன்று வீடுகள் காட்டேஜ் ஆகிவிட்டன. மற்ற வீடுகளின் வாடகையையும் ஏற்றிக் கேட்கிறார்கள். கொடுக்கிறதற்கு எங்களைப் போல வெளியூர் வருமானம் உள்ளவர்கள் வந்துகொண்டிருக்கிறோமே.

எங்கள் வீட்டுக்காரர் ஐயாவிடமும் கேட்டிருக்கிறார்கள். “காட்டேஜ் விட்டா ராத்திரியெல்லாம் பாட்டு, காலைல பார்த்தா தோட்டமெல்லாம் பாட்டில். எனக்கு வேண்டாம்மா” என்றார். அவர் வீட்டின் பின்பக்கம் இரண்டு அறையும் சமையல்கட்டும் தனியாக இருக்கிறது. மகன் வெளிநாடு போனதிலிருந்து பூட்டிக் கிடந்தது.

அதை என் சென்னைத் தோழிக்காக நான்தான் சொல்லி வைத்திருந்தேன். என்னோடு கணக்கு வேலை கற்றுக்கொண்டவள், தனியாள், இப்போது குரோம்பேட்டையில் இருக்கிறாள். எட்டு மாதமாக, “எனக்கும் அங்கே ஒரு வீடு பாரேன்” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். 12,000 வரை கொடுக்கத் தயார். ஐயா எதிர்பார்த்தது 6,000-தான். அவள் பங்குனி முடிந்து வருவதாக இருந்தது.

இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. அவளுக்குக் கொடுத்த வார்த்தை இருக்கிறது. இந்தப் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டு கேட்ட கேள்வி இருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் ஐயா வீட்டுக்குப் போய், “பின்பக்கத்து வீட்டை அந்த அக்காவுக்கே விடுங்க ஐயா” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஆறாயிரம் அவங்களால முடியாதேம்மா” என்றார். 5,000 என்று அவரே முடித்தார்.

சித்திரை முதல் வாரத்தில் குடி மாறினார்கள். லாரி கிடையாது. நூறடிதானே. நான், என் வீட்டுக்காரர், விடுமுறைக்கு வந்திருந்த பையன், அக்காவின் இரண்டு பெண்கள் எல்லோரும் தலையிலும் கையிலுமாகத் தூக்கினோம். ஐயா தோட்டத்துப் படியில் நின்று, “பாத்து, பாத்து, பாசி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டிலைக் கழற்றித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. மத்தியானம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தோசை. மாவு நன்றாகப் பொங்கியிருந்தது.

தோழி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. அவளுக்கு வீடு பார்ப்பதை நான் விடவில்லை. ஆனால் இப்போது ஒன்று கேட்டுவிட்டுத்தான் பார்க்கிறேன்: இதற்கு முன் இதில் யார் இருந்தார்கள், ஏன் போனார்கள். கீழ்கோத்தகிரி போகிற வழியில் நான்கு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு ஒன்று இருப்பதாக ஐயா சொன்னார். உரிமையாளர் கோயம்புத்தூரில் இருக்கிறார். கூரையில் இரண்டு ஓடு மாற்ற வேண்டுமாம், நெட் வருமா என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போகலாம் என்று இருக்கிறேன். அக்காவும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.